கீழ்ச்சுரம் பாடலாமா? - பொத்தெசினியை முன்வைத்துச் சில குறிப்புகள்

பாட்ரிக் சூஸ்கிண்டின் 'கொன்ட்ராபாஸ்' நாடகம் 1981-ல் ம்யூனிக்கில் முதன்முதலாக மேடையேறியது. ஒரே ஓர் ஆள் பேசும் நாடகம். பேசுகிறவனுக்குப் பெயர் கிடையாது. முப்பத்தைந்து வயது, அரசு இசைக்குழுவில் டபுள் பாஸ் வாசிக்கும் உத்தியோகம், சத்தம் வெளியே போகாதபடி அடைக்கப்பட்ட ஓர் அறை, கையில் பீர். எடுத்த எடுப்பிலேயே ஒரே போடாகப் போடுகிறான்: இசை நடத்துநர் இல்லாமல் இசைக்குழு இயங்கிவிடும், டபுள் பாஸ் இல்லாமல் இயங்காது. அதற்கு வரலாற்று ஆதாரமெல்லாம் காட்டுகிறான். பீர் இறங்க இறங்கப் பேச்சும் இறங்குகிறது. இந்த வாத்தியத்தை அவன் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அரசு ஊழியரான அப்பாவின் மேலிருந்த வெறுப்பில் கலைஞன் ஆனான். புல்லாங்குழல் வாசித்த அம்மாவைப் பழிவாங்க, இருப்பதிலேயே பெரிய, தூக்கவே முடியாத, தனியாக வாசிக்க லாயக்கில்லாத வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டான். இருவரையும் ஒருசேர வெறுப்பேற்ற அரசு இசைக்குழுவில் சேர்ந்து ஊழியனாகவும் ஆகிவிட்டான். அவன் காதலிக்கும் பாடகி சாராவுக்கு இப்படி ஒருத்தன் இருப்பதே தெரியாது. இன்று இரவு வாக்னரின் 'ரைன்கோல்ட்' தொடங்குவதற்கு முந்திய நிசப்தத்தில் அவள் பெயரைக் கத்திவிடப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். கத்தினானா இல்லையா, தெரியாது.

சாமர்த்தியமான நாடகம். ஜெர்மன் மொழி அரங்குகளில் ஓயாமல் நடிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதன் அடியில் சத்தமில்லாமல் ஒரு சமன்பாடு ஓடுகிறது. சாரா மேலே, வெளிச்சத்தில், பாடுகிறாள். இவன் கீழே, இருட்டில், உறுமுகிறான். கீழ்ச்சுரம் என்பது தோல்வி, ஊமைத்தனம், வாழ்க்கையில் எங்கேயும் போய்ச்சேராதது. நாடகம் இந்தச் சமன்பாட்டைக் கேள்வி கேட்பதில்லை, அதை வைத்துச் சிரிக்க வைக்கிறது, கடைசியில் கொஞ்சம் கண்கலங்கவும் வைக்கிறது. இசைக்குழுவில் டபுள் பாஸ் வாசிக்கிற ஒருவன் தானே எழுதவும் தொடங்கினால் என்ன ஆகும் என்பது அந்தப் பிரதிக்குள் நுழைய முடியாத கேள்வி. எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரிய பெயர் ஜொவான்னி பொத்தெசினி (1821-1889). இந்தக் குறிப்புகள் அவரைப் பற்றியவை.

அதற்குமுன், தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. பழந்தமிழ் இசைமரபில் மூன்று ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். தாழ்ந்தது மெலிவு, உயர்ந்தது வலிவு. பாடுகிற தொண்டையின் பிரயாசையை வைத்து இட்ட பெயர்கள்தானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வைத்த பிறகு பெயர் சும்மா இருப்பதில்லை, அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது. மேலைநாட்டிலும் உயர்ந்த சுரம், தாழ்ந்த சுரம் என்றுதான் பேச்சு. தந்தி வேகமாக அதிர்வதற்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? டபுள் பாஸில் இன்னும் வேடிக்கை. சுரம் 'மேலே' போகப்போக வாசிப்பவனின் இடது கை தரையை நோக்கிக் கீழே இறங்குகிறது. உச்சச் சுரங்களை எடுக்க அவன் ஏறக்குறையக் குனிந்துவிட வேண்டும். மேல், கீழ் என்பது பொருளில் இல்லை, நாம் பேசும் பேச்சில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இசைக்குழுவில் இந்த வாத்தியத்துக்கு என்ன வேலை? நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதைப் போல என்று நினைத்துக்கொண்டால் பாதிதான் சரி. ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும். டபுள் பாஸ் நகரும். மேலே வயலின்கள் ஒரு மெட்டை இழைக்கும்போது அந்த மெட்டு எந்தத் தரையில் நிற்கிறது என்று இது சொல்லிக்கொண்டே போகும். தரை மாறினால் அதே மெட்டின் அர்த்தம் மாறிவிடும். எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை, அது நின்றால்தான் 'என்னமோ போய்விட்டதே' என்று தெரிகிறது. சூஸ்கிண்டின் ஆள் அடிக்கும் ஜம்பம் இந்த அளவுக்கு உண்மை. இதிலேயே இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. அர்த்தத்தைத் தீர்மானிக்கிறவன் அர்த்தத்துக்கு உரியவனாகக் கேட்கப்படுவதில்லை.

பொத்தெசினி பிறந்தது வட இத்தாலியில், கிரேமா என்ற சிற்றூரில். அப்பா கிளாரினெட் வாசிப்பவர், கொஞ்சம் இசையமைத்தவரும்கூட. பையன் வயலின் கற்றான், கோயில் பாடகர் குழுவில் பாடினான், பெரிய முரசுகளும் வாசித்தான். 1835-ல் மிலான் இசைக்கல்லூரியில் சேர்க்க வேண்டும், கட்டணம் கட்ட வழியில்லை. அந்த ஆண்டு இலவச இடங்கள் மீதியிருந்தவை இரண்டு: ஒன்று பசூன், மற்றொன்று டபுள் பாஸ். வயலின் பையன் டபுள் பாஸ்காரன் ஆனது இப்படித்தான். சில வாரத் தயாரிப்போடு நுழைவுத் தேர்வுக்குப் போய் நின்றான், அபசுரம் தட்டியபோது, விரலை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டால் இது நடக்காது என்று பரீட்சகர்களிடமே சொன்னான் என்று ஒரு கதை உண்டு. மேதைகளைப் பற்றிய கதைகள் எல்லாமே பின்னாலிருந்து எழுதப்படுபவை, அதை விடுவோம். கதை மறைப்பது எது என்று பார்ப்பதே எனக்கு முக்கியம். இலவச இடம் ஏன் அந்த வாத்தியத்தில் காலியாக இருந்தது? காசு கட்டிப் படிக்க வருகிறவர்கள் பியானோவுக்கும் வயலினுக்கும் பாட்டுக்கும் போனார்கள். இசைக்குழுவுக்கோ அடியில் நிற்க ஆள் வேண்டும். ஆகவே ஏழைப் பையன்களை இலவசம் காட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. ருஷ்யாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1874-ல் பிறந்த செர்கே குசெவிட்ஸ்கி மாஸ்கோவில் டபுள் பாஸ் எடுத்ததும் இதே காரணத்தால்தான், இலவச இடம் அந்த வாத்தியத்துக்குத்தான் கிடைத்தது. அரை நூற்றாண்டு இடைவெளியில், வேறு நாட்டில், அதே கதவு. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சூஸ்கிண்ட் தன் ஆளுக்குக் கொடுத்த காரணம் அப்பா-அம்மா மேல் வன்மம். ஃபிராய்டு வாசித்த வர்க்கத்தின் காரணம் அது. வரலாற்றில் இருந்த காரணம் கல்விக் கட்டணம்.

நான்கே ஆண்டுகளில், 1839-ல், தனிவாசிப்புக்கான பரிசுப் பணம் 300 பிராங்குடன் கல்லூரியை விட்டு வந்தார். அதைக் கொண்டு கார்லோ அந்தோனியோ தெஸ்தோரே செய்த பழைய பாஸ் ஒன்றை வாங்கினார். மூன்று தந்தி வாத்தியம். இந்த 'மூன்று' பின்னால் தேவைப்படும். பிறகு இசைக்குழு உத்தியோகம். 1840-களின் நடுவில் வெனிஸின் சான் பெனெதெத்தோ அரங்கில் முதன்மை டபுள் பாஸ். வெர்டியோடு நட்பு தொடங்கியது அங்கே. 1846-ல் கடல் கடந்து கியூபா. கல்லூரித் தோழன் லூயிஜி அர்திதியோடு ஹவானாவின் தாக்கோன் அரங்கில் இத்தாலிய ஓபராக் குழுவில் வேலை. மறு வருடமே அங்கே அவருடைய முதல் ஓபரா மேடையேறியது. அதன் பெயர் 'கிறிஸ்டோஃபர் கொலம்பஸ்'.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாக்கோன் அரங்கைக் கட்டிய பிரான்சிஸ்கோ மார்த்தி அடிமை வியாபாரத்தில் கொழுத்தவர். ஊரைச் சுற்றிக் கரும்பு, கரும்பில் ஆப்பிரிக்க உடல்கள். கியூபாவில் அடிமைமுறை ஒழிய 1886 வரை ஆகும். அந்த ஊரில், அந்த மேடையில், மேடைக்குக் கீழே நின்று மற்றவர்கள் எழுதியதற்குத் தரை போட்டுக்கொண்டிருந்த ஓர் இருபத்தைந்து வயது இத்தாலியன் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு பெரிய பிரதியை எழுதுகிறான். எழுதக் கிடைத்த நாயகன் கொலம்பஸ். கீழே இருந்து வருகிறவன் கீழே இருக்கிற மற்றவர்களைப் பார்த்தே தீருவான் என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை என்று தெரியவில்லை. ஹவானாவில் அது பலிக்கவில்லை.

1849-ல் லண்டன். அதன் பிறகு அவர் பெயர் ஐரோப்பா முழுக்க 'டபுள் பாஸின் பாகனினி'. இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவனைப் புகழ மற்றொரு வாத்தியக்காரனின் பெயர் தேவைப்படுகிறது. வயலினின் பொத்தெசினி என்று யாரையாவது யாராவது சொன்னதுண்டா? பட்டம் கொடுக்கும்போதே படிநிலை உறுதியாகிவிடுகிறது. ஆனால் அவரே அந்தப் பட்டத்துக்கு வழி செய்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓபரா நடத்தும் இரவுகளில் இடைவேளையின்போது மேடைக்குத் தன் பாஸைக் கொண்டுவரச் செய்து, அன்றைய ஓபராவின் மெட்டுகளையே எடுத்துக் கற்பனை விரிவாக வாசிப்பார். பெல்லினியின் 'லா சொன்னாம்புலா', 'இ பூரித்தானி', தொனிசெத்தியின் 'லூச்சியா' - இவற்றின் மேல் அவர் எழுதிய 'ஃபாந்தாசியா'க்கள் இன்றும் டபுள் பாஸ் படிப்பவர்களின் நித்திய பாராயணம். சொன்னாம்புலாவின் அமினா தூக்கத்தில் நடக்கும் கிராமத்துப் பெண். அவள் பாடியதை, சோப்ரானோவின் மெட்டை, அந்தக் கனத்த மரப்பெட்டியிலிருந்து எடுக்கிறார் பொத்தெசினி. தந்தியை அழுத்தாமல் விரல்நுனியால் தொட்டு எழுப்பும் மேல் ஒலிகளைக் கொண்டு வயலினின் எல்லைக்குள்ளேயே போய்விடுகிறார். ஒலிப்பதிவில் கண்ணை மூடிக் கேட்டால் சில இடங்களில் இது எந்த வாத்தியம் என்று சொல்ல முடியாது. எனக்கு முடியவில்லை.

இதற்காக வாத்தியத்தையே அவர் மாற்ற வேண்டியிருந்தது. மெல்லிய தந்திகள் போட்டார். சுருதியை ஒரு முழுச்சுரமோ அதற்கும் மேலோ ஏற்றிக் கட்டினார். வில்லை செல்லோக்காரனைப் போல மேலிருந்து பிடித்தார். அவருக்கு முந்திய தலைமுறையின் மேதை, வெனிஸிலிருந்து லண்டன் போன திராகொனெத்தி (1763-1846), வில்லைக் கீழிருந்து பிடித்தவர், முரட்டுத் தந்திக்காரர், பெரும்பாலும் இசைக்குழுவின் அடித்தூண். பொத்தெசினி அந்தத் தூணை உருவி எடுத்து மேடை நடுவில் நட்டுப் பாடவைத்தார். அவருடைய 'பெரிய இரட்டை வாசிப்பு' முதலில் இரண்டு டபுள் பாஸ்களுக்கு எழுதப்பட்டது. இன்று உலகம் அறிந்த வடிவத்தில் அதில் ஒன்று வயலின். பாகனினியின் சீடரான சிவோரி ஒரு பாஸின் பகுதியை வயலினுக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு கீழ்க்குரல்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது போதாது, ஒன்றாவது மேல்சாதியாக இருந்தால்தான் அரங்கத்தில் எடுபடும் என்று ஆனது. கான்செர்ட்டோக்களும் எலிஜியும் போக, பத்துக்கு மேல் தந்தி நால்வாத்தியங்களும் எழுதினார். நால்வாத்தியம் என்றால் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. டபுள் பாஸுக்கு அதில் இடமே கிடையாது. தன் வாத்தியத்துக்குக் கதவு சாத்திய வடிவத்தில் உட்கார்ந்து எழுதியவனின் மனநிலை என்ன என்று யூகிக்கத்தான் முடியும். டபுள் பாஸையும் சேர்த்து ஐவாத்தியமும் எழுதியிருக்கிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும்.

சரி, குற்றச்சாட்டை முழு பலத்தோடு வைத்துப் பார்ப்போம். பொத்தெசினி கீழ்ச்சுரத்துக்கு மொழி கொடுக்கவில்லை, மேல்சுரத்தின் மொழியைக் கீழ்ச்சுரத்தின் வாயில் திணித்தார். பாஸ் பாஸாக இருப்பதை வெட்கமாக உணர்ந்தார். விளிம்பு மையத்தைப் போலி செய்தது, அவ்வளவுதான். இந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு வலுவான சாட்சியும் உண்டு. அவருடைய நண்பர் வெர்டி.

வெர்டி டபுள் பாஸ்காரர் இல்லை. ஆனால் 'ரிகொலெத்தோ'வில் (1851) ராத்திரி நேரம், சந்து ஒன்றில், கூலிக்குக் கொலை செய்யும் ஸ்பாராஃபுசிலே கதாநாயகனை மறித்து விலை பேசுகிறான். இருவரும் பாடுவதுகூட இல்லை, கிட்டத்தட்டப் பேசுகிறார்கள். மெட்டு யாரிடம் இருக்கிறது? ஒரு செல்லோவிடமும் ஒரு டபுள் பாஸிடமும். இரண்டுக்கும் ஒலியடக்கி மாட்டியிருக்கிறது. அடங்கிய குரலில் அவை இரண்டும் அந்தப் பேரத்தைத் தாலாட்டுகின்றன. முப்பத்தாறு வருடம் கழித்து 'ஒத்தெல்லோ' (1887). நான்காம் அங்கம். டெஸ்டெமோனா பிரார்த்தனை முடித்துப் படுக்கிறாள். வயலின்கள் எட்டமுடியாத உயரத்தில் போய் மெல்ல அணைகின்றன. அடுத்த கணம் இருப்பதிலேயே கீழிருந்து, டபுள் பாஸ்கள் மட்டும், வேறு யாரும் இல்லாமல், ஒலியடக்கியோடு. ஒத்தெல்லோ அறைக்குள் வருகிறான். மேற்கத்திய இசையில் டபுள் பாஸுக்கென்று எழுதப்பட்ட மிகப்பெரிய பத்தி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்த இடத்தில் வெர்டி ஒரு குறிப்பு போடுகிறார்: நான்கு தந்தி பாஸ்கள் மட்டும் வாசிக்கட்டும். மூன்று தந்தி பாஸில் அந்த ஆழத்துக்கு இறங்க முடியாது. இத்தாலியில் அதுவரை பரவலாக இருந்தது மூன்று தந்திதான், பொத்தெசினியுடையதும் அதுதான். டபுள் பாஸின் மிகப்பெரிய பத்தியில் டபுள் பாஸின் மிகப்பெரிய மேதையின் வாத்தியத்துக்கு இடமில்லை. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

அப்படீன்னா, கீழ்ச்சுரத்தின் சொந்தக் குரலைக் கேட்டவர் வெளியாளான வெர்டி, உள்ளாளான பொத்தெசினி அல்ல என்றாகிறதா? யார் எழுதலாம், யார் எழுதினால் உண்மை என்ற கேள்வி இம்மாதிரிப் பக்கங்களில் வேறு பெயர்களில் எத்தனையோ தடவை கேட்கப்பட்டதுதான். 'அனுபவம் தேவையில்லை, கலைமனம் போதும்' என்று ஒரு கட்சி வெர்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரலாம். கொஞ்சம் நிற்கட்டும்.

வெர்டி கேட்ட அந்தச் 'சொந்தக் குரல்' எது? ஒரு தடவை கொலைக்கு விலை பேசுகிறது. இன்னொரு தடவை ஒரு கறுப்பு மனிதனை வெள்ளைப் பெண்ணின் படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது, கொலை செய்ய. கீழ்ச்சுரம் என்றால் இருட்டு, இருட்டு என்றால் கறுப்பு, கறுப்பு என்றால் சாவு. அற்புதமான இசை, சந்தேகமில்லை. ஆனால் எந்த அகராதியிலிருந்து அந்த அற்புதம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? 'நீ நீயாகவே இரு, உன் குரலிலேயே பேசு' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உன் குரல் இதுதான் என்று முன்கூட்டியே யார் முடிவு செய்தது? அடிமட்டத்தவர் பேச முடியுமா என்று ஸ்பிவாக் 1988-ல் கேட்டார். பேசினால் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதும் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற கேள்வி.

இருட்டு இல்லையென்றால் கோமாளித்தனம். டபுள் பாஸுக்கு ஒதுக்கப்பட்ட மற்றொரு அறை அது. ஒத்தெல்லோவுக்கு ஒரு வருடம் முன்னால், 1886-ல், சென்-சான்ஸ் 'மிருகங்களின் திருவிழா' எழுதினார். அதில் 'யானை' டபுள் பாஸுக்கு. பெர்லியோஸின் 'காற்றுத் தேவதைகளின் நடன'த்தை எடுத்து அடி ஸ்தாயியில் இந்தப் பெரிய வாத்தியத்தில் வாசிக்க வைக்கிறார். தேவதை மெட்டு யானை உடம்பில்! எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தத் தொகுப்பில் தன் ஆயுளில் அச்சிட அவர் அனுமதித்தது ஒன்றே ஒன்று, 'அன்னம்'. செல்லோவுக்கு எழுதியது.

இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்-சான்ஸ் ஒரு மெல்லிய மேல்மெட்டை டபுள் பாஸுக்கு மாற்றுகிறார். பொத்தெசினியும் ஒரு மெல்லிய மேல்மெட்டைத்தான் டபுள் பாஸுக்கு மாற்றுகிறார். செயல் ஒன்றே. ஒன்றில் சிரிப்பு வருகிறது, மற்றதில் வரவில்லை. காரணம் சுரத்தில் இருக்கிறதா? ஒரு பகுதி இருக்கிறது: சென்-சான்ஸ் மெட்டைக் கீழே இறக்குகிறார், பொத்தெசினி வாத்தியத்தை மேலே ஏற்றுகிறார். முக்கியமான பகுதி வேறு. முதலாமவருக்கு டபுள் பாஸ் ஒரு வேடம், மற்றவருக்கு அது கை. அமினாவின் மெட்டு அந்தக் கனமான உடம்பிலிருந்து வரும்போது, இந்த உடம்புக்கு இது வராது என்று நினைத்து உட்கார்ந்திருந்த சபையின் நினைப்பு உடைகிறது. அந்த உடைவுக்குத்தான் காசு கொடுத்தார்கள், வித்தை காட்டுகிறான் என்று பார்த்தார்கள் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது, பிரிக்க முடியாது. போலி என்று அதை ஒதுக்குகிற விமர்சனத்தோடு எனக்கு ஒட்டவில்லை. வயலின்காரன் சோப்ரானோவைப் போல வாசித்தால் அதை இசை என்கிறோம், டபுள் பாஸ்காரன் வாசித்தால் மட்டும் போலி என்கிறோம்.

பொத்தெசினியிடம் எனக்கு இருக்கும் கஷ்டம் வேறு இடத்தில். அவர் கான்செர்ட்டோ வாசிக்க முன்னால் வந்து நிற்கிறார். பின்னால் இசைக்குழு. அதன் அடியில், அவர் விட்டுவந்த அந்த மூலையில், யார் நிற்கிறார்கள்? வேறு டபுள் பாஸ்காரர்கள். அவருக்குத் தரை போடுகிறார்கள். அவர் விடுபட்டார், இடம் அப்படியே இருக்கிறது. பிறகு அவர் வில்லைவிடக் கோலை அதிகம் பிடித்தார், இசை நடத்துநர் ஆனார். அதிகாரத்துக்கு இசை நடத்துநரைவிடத் தெளிவான உருவம் கிடையாது என்று கனெத்தி 'கூட்டமும் அதிகாரமும்' நூலில் (1960) விவரித்தது ஞாபகம் வருகிறது. 1871 டிசம்பர் 24 அன்று கெய்ரோவில் 'ஐதா' முதன்முதலாக அரங்கேறியபோது நடத்தியவர் பொத்தெசினிதான். வெர்டி எகிப்துக்குப் போகவில்லை. எட்வர்ட் சைத் 'பண்பாடும் ஏகாதிபத்தியமும்' நூலில் (1993) ஐதாவைப் பற்றி எழுதிய நீண்ட அத்தியாயத்தை வாசித்தவர்களுக்கு அந்த இரவின் அரசியலை நான் விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பா தனக்காகக் கற்பனை செய்துகொண்ட ஓர் எகிப்து, எகிப்தின் ஆட்சியாளரின் பணத்தில், எகிப்திலேயே. ஹவானாவில் கொலம்பஸ், கெய்ரோவில் ஐதா. இலவச இடத்தில் படித்த பையனின் கப்பல் பயணம் பேரரசுகளின் வழித்தடத்திலேயே போயிருக்கிறது. கடைசியாக வெர்டியின் சிபாரிசில் 1889-ல் பார்மா இசைக்கல்லூரிக்குத் தலைவரானார். அதே வருடம் ஜூலை 7-ல் இறந்துபோனார். அவருடைய 'ஏரோவும் லெயாந்த்ரோவும்' ஓபராவுக்கு (1879) எழுதிக் கொடுத்த பொயிதோதான் ஒத்தெல்லோவுக்கும் எழுதினார். ஒன்று உலகெங்கும் நடக்கிறது, மற்றது தேடிப்பிடிக்க வேண்டிய சமாச்சாரம்.

குசெவிட்ஸ்கியின் கதையை நீட்டவில்லை. 1894-ல் பொல்ஷோய் இசைக்குழுவில் சேர்ந்தார், பின்னால் முதன்மை வாசிப்பாளர் ஆனார், 1905-ல் தன் டபுள் பாஸ் கான்செர்ட்டோவை மாஸ்கோவில் முதன்முதலாக வாசித்தார். அதே ஆண்டு பணக்காரக் குடும்பத்தில் திருமணம். அத்துடன் அடிமூலையிலிருந்து வெளியே வர வழி திறந்துவிட்டது. பதிப்பகம் வைத்தார், 1924 முதல் 1949 வரை பாஸ்டன் சிம்பொனியை நடத்தினார், சொந்தமாக எழுதுவதை அநேகமாக நிறுத்திவிட்டு மற்றவர்களை எழுதவைத்தார். கான்செர்ட்டோவிலேயே கிளியேரின் கை இருக்கிறது என்று ஒரு முணுமுணுப்பும் உண்டு. டபுள் பாஸ்காரன் நன்றாக எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் எப்படியும் வரும். அவர் கேட்டுப் பார்தோக் எழுதிய 'இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோ' (1944) செல்லோக்களும் டபுள் பாஸ்களும் மட்டும் ஒலிக்கத் தொடங்குகிறது, நாலாம் சுர இடைவெளிகளில் ஏறியபடி. டபுள் பாஸின் தந்திகள் சுருதி கூட்டப்படுவதும் அதே நாலாம் சுர இடைவெளியில்தான். பார்தோக் வேறு காரணங்களுக்காகவும் அப்படி எழுதக்கூடியவர், ஆகவே இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னேன்.

வெளியே வராமலே எழுதியவர்களும் உண்டு. பின்லாந்துக்காரர் தெப்போ ஹௌதா-அஹோ (1941-2021). ஹெல்சிங்கி பில்ஹார்மோனிக்கில் 1965 முதல் 1972 வரை, பின்லாந்து தேசிய ஓபரா இசைக்குழுவில் 1975 முதல் 2000 வரை வாசித்தார். ஏறக்குறைய சூஸ்கிண்டின் ஆள் பார்த்த அதே உத்தியோகம். நாடகம் மேடையேறுவதற்கு மூன்று வருடம் முன்னால், 1978-ல், அவர் 'கதென்சா' என்ற தனி டபுள் பாஸ் இசையை எழுதியிருந்தார். கதென்சா என்றால் கான்செர்ட்டோவின் நடுவில் இசைக்குழு முழுக்க வாய்மூடி நிற்க, ஒருவன் மட்டும் வாசிக்கும் பகுதி. இங்கே அந்தப் பகுதி மட்டும் இருக்கிறது, கான்செர்ட்டோ இல்லை, இசைக்குழு இல்லை, முன்னே வர வேண்டிய மேடையும் இல்லை. வில்லும் விரலும் மாறி மாறி வருகின்றன. அடி ஸ்தாயியின் முரட்டு மீட்டலும் உச்சத்தின் விசில் ஒலிகளும் ஒன்றுக்கொன்று மேல் கீழ் என்று பார்க்காமல் அருகருகே கிடக்கின்றன. உலகம் முழுக்க டபுள் பாஸ் போட்டிகளில் இதை வாசிக்கிறார்கள். அவர் எழுதியவற்றில் இன்னொரு வகையும் உண்டு, விமர்சகர்கள் அதிகம் பேசாதது: வாத்தியத்தை இப்போதுதான் தொட்டிருக்கும் குழந்தைகளுக்காக, வில் இல்லாமல் விரலால் மீட்டி வாசிக்கும் சின்னச் சின்ன உருப்படிகள். இரவு ஓபராவில் வெர்டிக்கும் வாக்னருக்கும் தரை போட்டவர், பகலில் உட்கார்ந்து அவற்றை எழுதியிருக்க வேண்டும்.